ஸ்டுடியோ ஃபிளாஷில் பல்பு போய்விட்டதா? எந்தப் பல்பு என்று முதலில் பாருங்கள்

ஒரு கல்யாண வரவேற்பில், மேடைக்கு எதிரே நிறுத்தியிருந்த இரண்டு ஃபிளாஷ் லைட்டுகளில் ஒன்று திடீரென்று இருண்டது. உதவிக்கு வந்திருந்த தம்பி ஓடிவந்து, "அண்ணா, லைட் போய்விட்டது" என்றான். நான் பேசாமல் ஷட்டரை அழுத்தினேன். இரண்டு லைட்டும் பளீரென்று வெட்டின. போனது லைட் இல்லை, அதன் நடுவில் மஞ்சளாக எரிந்துகொண்டிருந்த மாடலிங் பல்பு மட்டும்தான். அன்று இரவு பதினொரு மணி வரை அந்த லைட்டிலேயே எடுத்தோம். ஆல்பத்தில் எந்தப் படம் பல்பு போவதற்கு முன்பு எடுத்தது, எது பின்பு எடுத்தது என்று எனக்கே தெரியவில்லை.

"பல்பு போய்விட்டது" என்று சொல்லிக்கொண்டு ஸ்குரூடிரைவரைத் தேடுகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, எந்தப் பல்பு என்றுதான். ஒன்று போனால் அரை மணி நேர வேலை, எவரும் செய்யலாம். மற்றொன்று போனால், லைட்டின் வயிற்றுக்குள் ஆளைக் கொல்லும் அளவு மின்சாரம் வெளியேற வழியில்லாமல் உட்கார்ந்திருக்கலாம்.

ஒரே தலைக்குள் இரண்டு விளக்கு

முன்னால் மாட்டியிருக்கும் கிண்ணம் போன்ற ரிஃப்ளெக்டரைக் கழற்றிவிட்டு லைட்டை நேருக்கு நேர் பாருங்கள். வளையல் போல வளைந்த ஒரு கண்ணாடிக் குழாய் தெரியும். அதுதான் ஃபிளாஷ் டியூப். அதன் நடுவில் நிற்பது மாடலிங் பல்பு.

படத்துக்கு வெளிச்சம் தருவது டியூப். உள்ளே செனான் வாயு இருக்கிறது. லைட்டுக்குள் இருக்கும் கெபாசிட்டர், பாடப்புத்தகத்தில் மின்தேக்கி என்று படித்தோமே அதுதான், 300 வோல்ட்டுக்கு மேல் மின்சாரத்தைச் சேர்த்து வைத்துக்கொள்கிறது. நாம் ஷட்டரை அழுத்தியதும், டியூபைச் சுற்றியிருக்கும் மெல்லிய கம்பியில் சில ஆயிரம் வோல்ட் ஒரு நொடிப்பொழுது பாயும். வாயு மின்சாரத்துக்கு வழிவிடும். சேர்த்து வைத்தது முழுவதும் ஒரு நொடியில் ஆயிரத்தில் சில பங்கு நேரத்துக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். 1930களில் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஹரோல்ட் எட்ஜர்ட்டன் வளர்த்தெடுத்த முறை இது. இன்று நம் ஊர் பாஸ்போர்ட் போட்டோ கடையில் வெட்டுவதும் அதே முறையில்தான்.

மாடலிங் பல்பு சாதாரண ஹாலஜன். 150 வாட் அல்லது 250 வாட் இருக்கும். மூக்கின் நிழல் எங்கே விழுகிறது, கண்ணாடி போட்டவர் கண்ணில் லைட் பிரதிபலிக்கிறதா என்று முன்கூட்டியே பார்க்கவும், இருட்டில் கேமரா ஃபோகஸ் பிடிக்கவும் உதவுகிறது. ஸ்டுடியோவில் நாம் வைக்கும் ஷட்டர் வேகத்திலும், லென்ஸின் துளையளவான அப்பர்ச்சரிலும் அதன் வெளிச்சம் படத்தில் பதிவதே இல்லை என்று சொல்லலாம்.

டியூப் பல ஆயிரம் முறை வெட்டும். மாடலிங் பல்புதான் அடிக்கடி போகும், அதுவும் பெரும்பாலும் சுவிட்ச் போடும் கணத்தில். 230 வோல்ட்டில் எரியும் 250 வாட் பல்பின் இழைக்கு, சூடாக இருக்கும்போது சுமார் 210 ஓம் மின்தடை. குளிர்ந்திருக்கும்போது அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆகவே முதல் கணத்தில் வழக்கமானதைப் போலப் பத்து மடங்குக்கு மேல் மின்சாரம் பாய்கிறது. ஏற்கெனவே மெலிந்த இழை அந்த அடியைத் தாங்காது. மண்டபத்து ஜெனரேட்டர் இன்னொரு எமன். இழை பல்புகளுக்கு மின்னழுத்தம் 5 சதவீதம் கூடினாலே ஆயுள் ஏறக்குறையப் பாதியாகிவிடும். எரிந்துகொண்டிருக்கும் லைட்டை ஸ்டாண்டோடு தூக்கி நகர்த்துவதும் அப்படித்தான். சூட்டில் இளகியிருக்கும் இழை, ஒரு குலுக்கலில் அறுந்துவிடும்.

எது போனது என்று கண்டுபிடிப்பது

மாடலிங் பல்பு எரியவில்லை, ஆனால் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் லைட் வெட்டுகிறது என்றால் பல்பு போயிருக்கலாம். அதற்கு முன் மாடலிங் பட்டன் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். துணி உரசி அந்தப் பட்டன் அணைந்திருக்க, நல்ல பல்பைக் கழற்றி ஆராய்ச்சி செய்தவன் நான். கழற்றிய பிறகு சந்தேகம் இருந்தால், பல்பைக் காதருகே வைத்து மெதுவாக ஆட்டுங்கள். அறுந்த இழை உள்ளே சன்னமாகக் கிணுகிணுக்கும். மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் எளிது. நல்ல 250 வாட் பல்பு குளிர்ந்த நிலையில் பத்திலிருந்து இருபது ஓமுக்குள் காட்டும். போன பல்பு எதையும் காட்டாது.

மாடலிங் எரிகிறது, லைட் தயார் என்று காட்டும் ரெடி விளக்கும் எரிகிறது, 'பீப்' சத்தமும் வருகிறது, ஆனால் படமெடுத்தால் வெட்டவில்லை என்றால், உடனே டியூபைக் குறை சொல்ல வேண்டாம். லைட்டிலேயே இருக்கும் டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். வெட்டினால் குறை, கேமராவிலிருந்து லைட்டுக்குச் சைகை அனுப்பும் டிரிகரில் இருக்கிறது: பேட்டரி தீர்ந்திருக்கும், சேனல் மாறியிருக்கும், அல்லது கேமராவின் தலையில் இருக்கும் ஹாட்ஷூ என்னும் காடியில் சரியாக உட்கார்ந்திருக்காது. டெஸ்ட் பட்டனுக்கும் வெட்டவில்லை என்றால் டியூபோ, அதைத் தூண்டும் சர்க்யூட்டோ போயிருக்கிறது. இந்த நிலைதான் ஆபத்தானது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

எதுவுமே எரியவில்லை, மின்விசிறிச் சத்தம்கூட இல்லை என்றால் ஃபியூஸைப் பாருங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் கேபிள் சொருகும் இடத்துக்குப் பக்கத்தில் தேடினால் சின்ன இழுப்பறையிலோ திருகு மூடிக்குள்ளோ கண்ணாடி ஃபியூஸ் இருக்கும். மாடலிங் பல்பு வெடிக்கும்போது ஃபியூஸையும் கூட்டிக்கொண்டு போவது வழக்கம். இழை அறுந்த இடத்தில் ஒரு கணம் தீப்பொறி பாலம் கட்டி, மின்சாரம் கட்டுக்கடங்காமல் பாய்வதுதான் காரணம். அதனால் இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஃபியூஸின் உலோக மூடியில் ஆம்பியர் அளவு பொறித்திருக்கும். அதே அளவு போடுங்கள். வீட்டு ஃபியூஸ் கட்டையில் ஒயர் இழை சுற்றும் வித்தையை இங்கே காட்ட வேண்டாம்.

கருகிய வாடை வந்தாலோ, உள்ளே 'சட்' என்ற சத்தத்துக்குப் பிறகு லைட் செத்துப் போனாலோ, பிளக்கைப் பிடுங்கி நேராக சர்வீஸுக்குக் கொண்டுபோங்கள்.

மாடலிங் பல்பு வாங்குவது

பழைய பல்பைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கடைக்கு அதை எடுத்துக்கொண்டு போவதுதான் நல்லது. பார்க்க வேண்டியது அடிப்பாகம், வோல்ட், வாட், உயரம்.

அடிப்பாகம் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று ஈ27 என்னும் திருகு வகை, 27 மில்லிமீட்டர் அகலம். நம் வீடுகளில் காலங்காலமாக இருக்கும் பின் பல்பு 22 மில்லிமீட்டர், அது இதில் சேராது. காடாக்ஸ் நிறுவனத்தின் எஸ்கே வரிசையில் ஹாலஜன் உள்ள லைட்டுகளில் வருவது இந்தத் திருகு வகை, 150 வாட். மற்றொன்று இரண்டு முள் வகை. முட்களுக்கு இடையே 6.35 மில்லிமீட்டர், அதாவது கால் அங்குலம். இதிலேயே முள்ளின் தடிமனைப் பொறுத்து உட்பிரிவுகள் உண்டு. அதனால் கண்ணளவில் முடிவு செய்யாமல் எழுத்தையும் எண்ணையும் ஒத்துப் பாருங்கள்.

வோல்ட்டில் நான் ஏமாந்திருக்கிறேன். இணையத்தில் மலிவாகக் கிடைத்ததே என்று வாங்கிய பல்பு, அமெரிக்காவுக்கான 120 வோல்ட். அடிப்பாகம் கச்சிதமாகப் பொருந்தியது. சுவிட்ச் போட்டதும் நீலமாக ஒரு மின்னல், அதோடு ஃபியூஸும் போயிற்று. நமக்கு வேண்டியது 220–240 வோல்ட் என்று அச்சிட்ட பல்பு.

வாட்டைக் குறைத்துப் போட்டால் வெளிச்சம்தான் குறையும். கூட்டிப் போடக் கூடாது. 150 வாட்டுக்குச் செய்த ஹோல்டரும், உள் ஒயரும், மின்விசிறியும் 250 வாட் சூட்டுக்குச் செய்தவை அல்ல. முன்னால், வெளிச்சத்தை மென்மையாக்கும் சாஃப்ட்பாக்ஸ் துணி வேறு இருக்கிறது. உயரத்தைப் பொறுத்தவரை, கண்ணாடி மூடி போடும் லைட்டில் பல்பு மூடியில் இடிக்கக் கூடாது.

ஹாலஜனுக்குப் பதில் எல்இடி பல்பு போடலாமா என்று பலரும் கேட்கிறார்கள். அவசரத்துக்குப் போடலாம், ஆனால் மாடலிங்கை முழு அளவில் மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். லைட்டுக்குள் இருக்கும், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் ஹாலஜனுக்காகச் செய்தது. குறைத்தால் சாதாரண எல்இடி துடிக்கும், அல்லது அணையும். அதைவிட, அதன் பருத்த பிளாஸ்டிக் தலை டியூபின் முன்னால் நந்தி மாதிரி உட்கார்ந்து வெளிச்சத்தை மறைக்கும். எனக்கு அது பிடிக்கவில்லை. காடாக்ஸின் ஏடி600 புரோ போல எல்இடியோடு பிறந்த லைட்டுகளின் கதை வேறு. அவற்றில் நீங்கள் மாற்றுவதற்கான பல்பே இல்லை, போனால் சர்வீஸ்தான்.

சென்னையில் இருப்பவர்களுக்கு ரிச்சி தெருவில் ஃபியூஸ் எந்த அளவிலும் கிடைக்கும். பல்பை எங்கே வாங்கினாலும் இரண்டாக வாங்குங்கள். ஒன்றைப் பஞ்சு வைத்த சின்ன டிஃபன் டப்பாவில் போட்டு லைட் பையிலேயே வைத்துவிடுங்கள்.

மாற்றும் முறை

முதலில் மாடலிங்கை மட்டும் அணைத்து, மின்விசிறி உள்ள லைட்டாக இருந்தால் ஐந்து நிமிடம் அது ஓடட்டும். ஹாலஜன் பல்பு எரியும்போது அதன் கண்ணாடிச் சுவரே 250 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்கும், அந்தச் சூடு இல்லாமல் அது ஹாலஜனாக வேலை செய்யாது. பிறகு பவரை மிகக் குறைவாக வைத்து டெஸ்ட் பட்டனை அழுத்தி ஒருமுறை வெட்டவிடுங்கள். மெயின் சுவிட்சை அணையுங்கள். பிளக்கைப் பிடுங்கி, கேபிளை லைட்டிலிருந்தும் கழற்றிவிடுங்கள். சுவிட்ச் அணைத்தால் போதாதா என்றால் போதாது. நம் ஊர் எக்ஸ்டென்ஷன் பெட்டிகளில் ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருப்பது சகஜம். அப்படியிருந்தால் சுவிட்ச் அணைந்த பிறகும் ஹோல்டரில் மின்சாரம் நிற்கும்.

இன்னும் ஒரு கால் மணி நேரம் காத்திருங்கள். அதற்குள் சாஃப்ட்பாக்ஸைக் கழற்றி, லைட்டை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, மேசையில் துண்டு விரித்து முகம் மேலே பார்க்கும்படி வையுங்கள். தலைக்கு மேல் ஸ்டாண்டில் நிற்கும் லைட்டில் அண்ணாந்து பார்த்துப் பல்பு மாற்றுவது முட்டாள்தனம். நழுவினால் பல்பு மட்டும் விழாது, டியூபும் உடையும். கைக்கடிகாரம், மோதிரம் எல்லாவற்றையும் கழற்றுங்கள். என் மோதிரம் டியூபில் 'டிங்' என்று ஒருமுறைதான் தட்டியது. மயிரிழை விரிசல். அன்று நூற்றுச் சில்லறை ரூபாய் பல்புக்காக ஒரு டியூபைக் காவு கொடுத்தேன்.

கண்ணாடி மூடி இருந்தால் அதைப் பிடித்திருக்கும் கவ்விகளை நகர்த்தி எடுங்கள். திருகு பல்பாக இருந்தால் கண்ணாடியைப் பிடித்துத் திருகாமல், முடிந்தவரை அடிப்பாகத்தைப் பிடித்து இடப்பக்கம் திருகுங்கள். முள் பல்பாக இருந்தால் நேராக மேலே இழுக்க வேண்டும். பக்கவாட்டில் ஆட்டினால் பீங்கான் ஹோல்டர் விரியும். பல்பு உடைந்து அடிப்பாகம் மட்டும் மாட்டிக்கொண்டிருந்தால் கையுறை போட்டு, மூக்கு நீண்ட குறடால் உலோகப் பகுதியைப் பிடித்துத் திருகுங்கள். சில்லுகளை லைட்டைக் கவிழ்த்துத் தட்டி எடுத்து, செய்தித்தாளில் பொதிந்து குப்பையில் போடுங்கள்.

ஹோல்டருக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பித்தளைத் தகடு கருத்துக் குழிவிழுந்திருந்தால், புதுப் பல்பும் சில வாரங்களில் போகும். ஹோல்டரையே மாற்றச் சொல்லிக் கொடுப்பதுதான் வழி.

புதுப் பல்பை வெறும் விரலால் தொடாதீர்கள். அதோடு வரும் ஸ்பாஞ்ச் உறையையோ, சுத்தமான பருத்தித் துணியையோ பயன்படுத்துங்கள். விரலின் எண்ணெயும் உப்பும் குவார்ட்ஸ் கண்ணாடியில் படிந்தால், அந்தச் சூட்டில் தொட்ட இடம் வெள்ளையாகப் பூத்து வலுவிழக்கும். சில சமயம் அங்கேயே வெடிக்கும். தெரியாமல் தொட்டுவிட்டால் மருந்துக்கடை ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்துத் துடைத்து, நன்றாக உலரவிட்டுப் போடுங்கள். திருகு பல்பை உட்காரும் வரை திருகினால் போதும், இறுக்கிப் பிழிய வேண்டாம். முள் பல்பை அடி தட்டும் வரை அழுத்துங்கள்.

மூடியை மாட்டுங்கள். சாஃப்ட்பாக்ஸ் இல்லாமலேயே கேபிளைச் சொருகி, மாடலிங்கைக் குறைந்த அளவில் வைத்து எரியவிட்டு, பிறகு மெதுவாகக் கூட்டுங்கள். முதல் ஓரிரு நிமிடம் தூசி கருகும் வாடை வரலாம். அதற்குமேலும் வந்தால் அணைத்துவிடுங்கள்.

டியூப் போனால்

இங்கே வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். 400 வாட்-செகண்ட் லைட் என்றால் அதன் கெபாசிட்டர்களில் 400 ஜூல் ஆற்றல் சேர்கிறது. மருத்துவமனையில் தாறுமாறாகத் துடிக்கும் இதயத்தை ஒழுங்குக்குக் கொண்டுவரும் டிஃபிப்ரிலேட்டர் ஒரு முறைக்கு அதிகபட்சமாகத் தருவது 360 ஜூல்.

நல்ல லைட்டில் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் அந்த ஆற்றல் டியூப் வழியாக வெளிச்சமாகப் போய்விடும். டியூப் செத்துவிட்டால் அந்தக் கதவு அடைபட்டுவிடுகிறது. ரெடி விளக்கு எரிந்ததே, அதன் பொருள் கெபாசிட்டர் நிறைந்திருக்கிறது என்பது. பிளக்கைப் பிடுங்கினாலும் உள்ளே இருப்பது இருக்கும். உள்ளே ஒரு ரெசிஸ்டர், அதாவது மின்தடை, வழியாக மெதுவாகக் கசியும்படி பல லைட்டுகளைச் செய்திருப்பார்கள், ஆனால் அது எவ்வளவு மெதுவாக என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 330 வோல்ட்டில் 400 ஜூல் என்றால் சுமார் 7,350 மைக்ரோஃபாரட். ஒரு லட்சம் ஓம் ரெசிஸ்டர் வழியாக அது கசிந்தால், மின்னழுத்தம் 330இலிருந்து அதன் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலான அளவுக்கு இறங்கவே 12 நிமிடம் ஆகும். 30 வோல்ட்டுக்கு வர அரை மணி நேரம். அந்த ரெசிஸ்டரும் போயிருந்தால் கணக்கே இல்லை. அதனால் டியூப் போன லைட்டை பிளக் பிடுங்கி ஓர் இரவு முழுவதும் வைத்துவிட்டு மறுநாள்தான் தொடுவேன். கையேட்டில் அதைவிடக் கூடுதல் நேரம் சொல்லியிருந்தால் கையேட்டின் பேச்சைக் கேளுங்கள்.

ஸ்குரூடிரைவரை இரண்டு முனைகளிலும் வைத்து 'டப்' என்று இறக்கிவிடுவதைச் சிலர் வீரமாகச் செய்து காட்டுவார்கள். அந்தப் பொறியில் உலோகம் உருகித் தெறிக்கும். வேண்டாம்.

அடுத்த கேள்வி, உங்கள் லைட்டின் டியூப் சொருகும் வகையா, உள்ளே ஒயரோடு பற்றவைத்த வகையா என்பது. எலின்குரோமின் டி-லைட், காடாக்ஸின் ஏடி600 போன்றவற்றில் டியூபைப் பிடுங்கி வேறொன்று சொருகலாம். லைட்டின் உடலைப் பிரித்தால்தான் டியூபின் கால்கள் தெரியும் என்றால் அது உங்கள் வேலை இல்லை. என் வேலையும் இல்லை. சர்வீஸ் சென்டருக்குப் போகட்டும்.

சொருகும் வகை என்றால், மாடல் எண்ணைச் சொல்லி அந்த மாடலுக்குரிய டியூபையே வாங்குங்கள். போவன்ஸ் மவுண்ட் லைட்தானே, எந்த போவன்ஸ் டியூபும் சேரும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். போவன்ஸ் என்ற இங்கிலாந்து நிறுவனம் 2017இல் மூடப்பட்டது. அவர்கள் தந்த எஸ் மவுண்ட் இன்று பல நிறுவனங்களின் லைட்டுகளில் இருக்கிறது. அது சாஃப்ட்பாக்ஸ் மாட்டும் வளையத்தின் அளவு, டியூபுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. 200 வாட்-செகண்டுக்கான டியூபை 600இல் சொருகினால் அது தாங்காது.

காத்திருந்து முடிந்த பிறகு, உலர்ந்த பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு, முதலில் மாடலிங் பல்பைக் கழற்றி ஓரமாக வையுங்கள். டியூபின் மேல் ஒரு மெல்லிய கம்பியோ கவ்வியோ பிடித்திருக்கும். முன்பு சொன்ன தூண்டும் கம்பி அதுதான். அது எந்தப் பக்கம், எப்படி மாட்டியிருக்கிறது என்று செல்போனில் ஒரு படம் எடுத்துவிட்டுப் பிரியுங்கள். வளையத்தின் உச்சியைப் பிடித்து இழுத்தால் டியூப் உடையும். கால்கள் இரண்டையும் அடியில், சாக்கெட்டுக்கு அருகே பிடித்து, இரண்டையும் ஒரே அளவில் நேராக மேலே இழுங்கள். கையுறையோடும் சாக்கெட்டின் துளைக்குள் விரலையோ கருவியையோ விடாதீர்கள். புது டியூபை அதே போல அடியில் பிடித்து, இரண்டு கால்களும் ஒன்றாக இறங்கும்படி அழுத்துங்கள். தூண்டும் கம்பி டியூபைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். இது விட்டுப்போனால் புது டியூபும் வெட்டாது, கடைக்காரரோடு வீண் சண்டைதான் வரும்.

மூடியை மாட்டி, குறைந்த பவரில் இருபது முறை வெட்டவிடுங்கள். பிறகு படிப்படியாகக் கூட்டுங்கள். டியூபுக்காக லைட் மாதக்கணக்கில் அலமாரியில் கிடந்திருந்தால், இன்னும் நிதானமாகக் குறைந்த பவரிலேயே சிறிது நேரம் ஓட்டுங்கள். நெடுநாள் சும்மா இருந்த கெபாசிட்டருக்கு உடனே முழு பவர் ஆகாது.

நிறம்

டியூபில் இலேசான மஞ்சள் பூச்சு உள்ளது ஒன்று, பூச்சே இல்லாமல் தெளிவாக இருப்பது ஒன்று என்று இரண்டு வகை கிடைக்கின்றன. பூச்சு புற ஊதாக் கதிரைத் தடுக்கிறது. தெளிவான டியூபின் வெளிச்சம் சற்று நீலம். ஒரு லைட்டில் பூச்சுள்ளதும் அடுத்த லைட்டில் தெளிவானதும் இருந்தால் முகத்தின் ஒரு கன்னம் ஒரு நிறம், மறு கன்னம் வேறு நிறம் என்று வரும். அதைக் கணினியில் சரிசெய்ய உட்கார்ந்தால் விடிந்துவிடும். ஒரே வகைதான் என்றாலும், முனைகள் கருத்த பழைய டியூபும் புதியதும் கொஞ்சம் வேறுபடலாம்.

சோதிப்பதற்கு என்னிடம் ஒரு பழைய வெள்ளை வேட்டி இருக்கிறது. சலவைக்குப் போடும்போது நீலம் சேர்க்காதது. சுவரில் அதைத் தொங்கவிட்டு, கேமராவில் வெள்ளை நிறத்தைச் சரிப்படுத்தும் ஒயிட் பேலன்ஸை 5600 கெல்வினில் நிறுத்தி, இரண்டு லைட்டுகளையும் ஒரே தூரத்தில் ஒரே பவரில் வைத்து, முதலில் ஒன்றில் மட்டும் ஒரு படம், பிறகு மற்றதில் மட்டும் ஒரு படம். இரண்டையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும். வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்தால் டியூப் மாற்றிய லைட்டைப் பின்னணிச் சுவருக்கு மாற்றிவிட்டு, ஒத்த இரண்டை முகத்துக்கு வைத்துக்கொள்வேன்.